பித்தளைச் சொம்பும் பச்சைப்பிள்ளை ஈரலும்

காலை ஐந்து மணிக்கெல்லாம் எங்கள் வாலாஜாபாத்தில் கம்பெனி பஸ்களின் ஹாரன் சத்தம் ஆரம்பித்துவிடும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் முதல் ஷிஃப்டுக்குப் போகிற பெண்கள், தலை ஈரம் கூடக் காயாமல், டிபன் பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு ஓடுவார்கள். என் அக்கா மகளும் அவர்களில் ஒருத்தி. பிரசவ லீவு முடிந்து அவள் மறுபடி வேலைக்குக் கிளம்பியபோது குழந்தைக்கு ஆறாவது மாதம். அவள் மாமியார் வீடு வெளியூர். ஆகவே பிள்ளை என் மடிக்கு வந்து சேர்ந்தது.

முதல் நாளே பளபளவென்று ஒரு புதுச் செம்புச் சொம்பை என் கையில் கொடுத்தாள். "சித்தி, பாலைக் காய்ச்சி இதிலேயே ஊத்தி வச்சுடுங்க. செம்புல வச்சுக் குடிச்சா உடம்புக்கு அவ்வளவு நல்லதாம். எல்லாரும் சொல்றாங்க" என்றாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நம் முன்னோர் புழங்கிய பாத்திரம்தானே! பசும்பாலைக் காய்ச்சி, தண்ணீர் கலந்து, சொம்பில் ஊற்றி மூடி வைத்தேன். காலை ஆறு மணிக்கு ஊற்றியதைப் பகல் இரண்டு மணி வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சங்கில் புகட்டினேன். நாலு நாள் இப்படியே நடந்தது.

ஐந்தாம் நாள் எடை பார்க்கக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். வயசானவர், சென்னையில் படித்தவர். "என்ன பால் குடிக்கிறான்?" என்று கேட்டார். சொன்னேன். "எதில் வைக்கிறீங்க?" என்றார். பெருமையாகவே சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அம்மா, நான் படிக்கிற காலத்தில் இப்படிப்பட்ட பாலைக் குடித்த குழந்தைகளை வார்டில் பார்த்திருக்கிறேன். வயிறு பானை மாதிரி இருக்கும். கை கால் குச்சி மாதிரி இருக்கும். நீங்கள் நாலு நாளில் வந்தது நல்லதாய்ப் போயிற்று. நாலு நாளில் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் இன்றோடு அதை நிறுத்துங்கள்" என்றார்.

ஈரல் நோய் என்றால் குடிகாரர்களுக்கு வருவது, இல்லாவிட்டால் மஞ்சள் காமாலைக் கிருமியால் வருவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். கிருமியும் இல்லாமல், சாராயமும் இல்லாமல், பால் குடிக்கிற குழந்தைக்கு ஈரல் வெந்து போகுமா? அன்றைக்குத் தெரிந்துகொண்டதையும், பிறகு விசாரித்தும் படித்தும் அறிந்ததையும் வாசக சகோதரிகளுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஆயா வீட்டுக் கதை

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம் மெதுவாக, "எனக்கு மேலே ரெண்டு அண்ணனுங்க இருந்தாங்க, தெரியுமில்லே?" என்றார்.

தெரியும். பேர் மட்டும் தெரியும். 1950-களில் பிறந்து, ஒருவர் ஒன்றரை வயதிலும் இன்னொருவர் இரண்டு வயதிலும் போய்விட்டார்கள். "ஈரல் கட்டி" என்று சொல்வார்கள். முதலில் பிள்ளை சிணுங்கிக்கொண்டே இருந்ததாம். சோறு இறங்கவில்லை. வயிறு உப்பியது. தொட்டுப் பார்த்தால் விலாவுக்குக் கீழே பலகை மாதிரி கெட்டியாக இருந்ததாம். கடைசியில் கண்ணில் மஞ்சள் ஏறி, வயிற்றில் நீர் கோத்து, சில மாதங்களில் எல்லாம் முடிந்துவிட்டது. கீழாநெல்லியை மோரில் அரைத்துக் கொடுத்தார்கள். மந்திரித்தார்கள். சென்னைக்கு ஆள் அனுப்பி மருந்து வாங்கி வந்தார்கள். ஒன்றும் பலிக்கவில்லை.

எங்கள் ஆயா வீடு ஓரளவு வசதியான வீடு. கொல்லையில் பசு. கல்யாணச் சீராக வந்த பித்தளைச் சொம்பில்தான் பால் காய்ச்சுவது, அதிலேயே மூடி வைப்பது. பிள்ளைக்குச் சீக்கிரமே பசும்பால் பழக்குவது அப்போது வசதியின் அடையாளம். மூன்றாவதாக என் அம்மா பிறந்தபோது பசு வற்றிப்போயிருந்தது; ஆயாவே இரண்டு வயது வரை தாய்ப்பால் கொடுத்தாராம். அம்மா தப்பித்தார்.

இதற்கெல்லாம் ஆயாவுக்குக் கிடைத்த பட்டம் "பிள்ளையை முழுங்கினவள்". அவள் பால் ஆகாது, அவள் ராசி ஆகாது என்று கடைசி வரை சொன்னார்கள். ஆயாவும் அதை நம்பிக்கொண்டே கண்ணை மூடினார். என் மாமன்மார் இருவருக்கும் அந்தச் சொம்புதான் எமன் என்று இப்போது என்னால் அடித்துச் சொல்ல முடியாது; பரிசோதனை எதுவும் நடக்கவில்லை. ஆனால் ஆயா வீட்டில் நடந்தது போலவே நாடு முழுக்க ஆயிரக்கணக்கான வீடுகளில் நடந்திருக்கிறது.

இந்தியாவுக்கே பேர் போன நோய்

இந்த நோயை 1887-இல் கல்கத்தாவில் சென் என்ற டாக்டர் முதன்முதலில் எழுதி வைத்தார். பிற்காலத்தில் இதற்கு உலக மருத்துவ நூல்களில் வைத்த பெயரே "இந்தியக் குழந்தைகளின் ஈரல் சுருக்கம்" என்பதுதான்! நம் நாட்டுப் பெயரை ஒரு நோய்க்கு வைத்தது நமக்குப் பெருமையா? ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு, அதிலும் ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள், இது அதிகம் வந்தது. சென்னையில் "ஜம்மி லிவர் க்யூர்" என்று ஒரு மருந்து பல தலைமுறைக்குப் பிரபலமாக இருந்ததைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அப்படியொரு மருந்துக்கு அவ்வளவு கிராக்கி இருந்ததென்றால் எத்தனை வீடுகளில் பயம் இருந்திருக்கும் என்று யோசியுங்கள்.

டாக்டர்களைக் குழப்பியது இன்னொரு விஷயம். பரம ஏழை வீடுகளைவிட, நடுத்தர வசதியுள்ள இந்துக் குடும்பங்களில்தான் இது அதிகம் தெரிந்தது. ஒரே தாயின் அடுத்தடுத்த பிள்ளைகளுக்கும் வந்தது. பரம்பரையா, சத்துக் குறைவா, கிருமியா என்று பல பத்தாண்டுகள் தேடினார்கள். ஏழை வீட்டில் மண்சட்டியும் அலுமினியமும். கொஞ்சம் வசதியான வீட்டில் பித்தளையும் செம்பும். விடை அடுப்படியிலேயே இருந்தது. ஆனால் அடுப்படியை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

பால் காட்டிக் கொடுக்காது

பித்தளையில் பாதிக்கு மேல் செம்புதான்; மிச்சம் துத்தநாகம். ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறும், ருசி கெடும், குமட்டும் என்று நம் பாட்டிமார்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் புளியும் மோரும் வைக்கிற பாத்திரத்துக்கு ஆள் வைத்து ஈயம் பூசினார்கள். பால் புளிப்பில்லாத பண்டமாயிற்றே, அதற்கு என்ன என்று விட்டுவிட்டார்கள்.

தப்பு அங்கேதான். பாலில் உள்ள கேசீன் என்ற புரதம் செம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடியது. பித்தளையில் பாலைக் காய்ச்சி, அதிலேயே மணிக்கணக்கில் வைத்தால், செம்பு பாலில் இறங்கிப் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. பச்சைக் களிம்பு நம் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளை வெளேரென்று பால் மாதிரியேதான் இருக்கும்.

புனே நகரின் கே.இ.எம். ஆஸ்பத்திரியைச் சேர்ந்த டாக்டர் பண்டிட், டாக்டர் பாவே ஆகியோரும், இங்கிலாந்து டாக்டர் டானரும் சேர்ந்து இதை ஆராய்ந்து 1983-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். பிறகு 1987-இல், நோய் வந்த குழந்தைகளின் வீட்டையும் வராத குழந்தைகளின் வீட்டையும் ஒப்பிட்டார்கள். நோய் வந்த வீடுகளில் பித்தளையில் பால் காய்ச்சி வைக்கும் வழக்கமும், சின்ன வயதிலேயே அந்தப் பாலைக் கொடுக்கும் வழக்கமும் அதிகம் இருந்தது தெரியவந்தது.

ஈரலுக்குள் என்ன நடக்கிறது?

செம்பு விஷம் என்று நினைத்துவிடாதீர்கள். கொஞ்சூண்டு செம்பு எல்லோருக்கும் வேண்டும். இரத்தம் ஊறவும் நரம்பு வேலை செய்யவும் அது தேவை. சாப்பாட்டிலிருந்து குடல் உறிஞ்சுகிற செம்பு நேரே ஈரலுக்குப் போகிறது. ஈரல் ஒரு கெட்டிக்காரக் குடும்பத் தலைவி மாதிரி. வேண்டியதை ஒரு புரதத்தில் ஏற்றி இரத்தத்துக்கு அனுப்பும். கொஞ்சத்தை 'மெட்டலோதயோனின்' என்ற பெட்டகத்தில் பூட்டி வைக்கும். மிச்சத்தைப் பித்த நீரில் கலந்து குடலுக்குத் தள்ளி வெளியேற்றிவிடும்.

பெரியவர்களுக்கு இந்த ஏற்பாடு ஒழுங்காக நடக்கும். பச்சைப்பிள்ளையின் கதை வேறு. கருவின் கடைசி மூன்று மாதங்களில் தாய், பிள்ளையின் ஈரலில் செம்பைச் சேமித்துக் கொடுத்துவிடுகிறாள். பிறக்கும்போதே பெட்டகம் நிறைந்திருக்கும். ஏன் தெரியுமா? தாய்ப்பாலில் செம்பு ரொம்பக் கம்மி. லிட்டருக்கு அரை மில்லிகிராம் கூட இல்லை. முதல் சில மாதங்கள் பிள்ளை அந்தச் சேமிப்பில்தான் பிழைக்கிறது. பித்த நீர் வழியாக வெளியே தள்ளும் வேலையும் அந்த வயதில் முழுசாகத் தேறியிருக்காது. இயற்கை இப்படிக் கணக்குப் போட்டு வைத்திருக்க, நாம் வேளைக்கு வேளை செம்பு கலந்த பாலைப் புகட்டினால்? பெட்டகம் நிரம்பி, வடிகாலும் சிறியதாகி, செம்பு வெளியே சிந்த ஆரம்பிக்கிறது.

இப்படிக் கட்டவிழ்ந்த செம்பு சும்மா இருக்காது. கடலையெண்ணெயை நாள்பட வைத்தால் சிக்கு வாடை அடிக்கிறதல்லவா? அது காற்றிலுள்ள பிராணவாயு எண்ணெயைக் கெடுப்பதால் வருவது. செம்பு பட்டால் இன்னும் சீக்கிரம் சிக்கு ஏறும். ஈரலின் ஒவ்வொரு செல்லையும் சுற்றியுள்ள தோல், ஒரு வகைக் கொழுப்பால் ஆனது. செம்பு அங்கே முரட்டுப் பிராணவாயுத் துணுக்குகளை உண்டாக்குகிறது. செல்லின் தோல் எண்ணெய் சிக்கு ஏறுவது போலவே கெடுகிறது. செல்லுக்குச் சக்தி தரும் சின்ன அடுப்புகளான மைட்டோகாண்ட்ரியாவும் பழுதாகின்றன. செல் வீங்கிச் சாகிறது.

செத்த செல்லைச் சுத்தம் செய்யக் காவல் செல்கள் கூடுகின்றன. அதுதான் அழற்சி. புண்ணை ஆற்ற ஈரல் நார் நாராகத் தழும்பு நெய்கிறது. விஷம் நிற்காமல் வந்துகொண்டிருந்தால் தழும்பும் நிற்காது. கடைசியில் பஞ்சு போன்ற ஈரல் தேங்காய் நார் மாதிரி இறுகிவிடுகிறது. பெரியவர்களுக்கு ஒரு கிராம் உலர்ந்த ஈரலில் 50 மைக்ரோகிராமுக்குள் இருக்கவேண்டிய செம்பு, இந்த நோய் கண்ட குழந்தைகளிடம் 800-க்கு மேலும், சிலரிடம் பல ஆயிரமும் இருந்தது.

இதில் எனக்கு நெஞ்சை அடைத்த ஒரு விஷயம் உண்டு. பெருங்குடிகாரர்களின் ஈரலில் நுண்பெருக்கியில் தெரியும் ஒரு வகைக் கட்டிகளை 1911-இல் அமெரிக்க டாக்டர் மாலரி விவரித்தார். இந்தப் பால்குடிக் குழந்தைகளின் ஈரலிலும் அதே மாலரிக் கட்டிகள்தான் மண்டிக் கிடந்தன! விஷம் வேறாக இருந்தாலும் ஈரல் படுகிற பாடு ஒன்றுதான்.

தீக்குச்சி பல, தீ ஒன்று

கிருமியில்லாத ஈரல் அழற்சி பலவற்றுக்கும் இந்த வழி பொருந்தும். சாராயம் ஈரலில் எரிந்து முரட்டுத் துணுக்குகளை உண்டாக்குகிறது. சர்க்கரையும் உட்கார்ந்த வேலையும் சேர்த்து வைக்கும் கொழுப்பும், குடிக்காதவருக்குக்கூட அதே வேலையைச் செய்கிறது. ஜுரத்துக்குப் போடும் பாரசிட்டமால் அளவோடு இருந்தால் நல்ல மருந்து. அளவு மீறினால் ஈரலின் காவல் பொருளான குளூட்டதயோனைத் தீர்த்துவிட்டுச் செல்லையே தாக்கும். 1974-இல் ராஜஸ்தான், குஜராத் பழங்குடி கிராமங்களில் மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்ட 397 பேருக்கு ஈரல் வெந்து 106 பேர் இறந்தார்கள். பூஞ்சணத்தின் 'அஃப்லடாக்ஸின்' என்ற விஷம் காரணம். அதே சோளத்தைத் தின்ற நாய்களும் செத்தன. பூஞ்சணம் பிடித்த வேர்க்கடலையை "வறுத்தால் சரியாப் போயிடும்" என்று புழங்காதீர்கள்; வறுத்தாலும் அந்த விஷம் முழுதும் போகாது.

வெளிநாட்டிலும் இதே கதை

பித்தளைதான் காரணமா என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. பித்தளை புழங்கிய எல்லா வீட்டிலும் நோய் வரவில்லை. பித்தளையே இல்லாத சில வீடுகளிலும் வந்தது. ஆகவே சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே செம்பைத் தாங்கும் சக்தி குறைவு, அதன்மேல் பால் வழியே செம்பு சேரும்போது நோய் முற்றுகிறது என்று கருதுகிறார்கள்.

இதற்கு ஆஸ்திரியா நாட்டு மலைப்பிரதேசமான டைரோலில் ஓர் உதாரணம் கிடைத்தது. அங்கே 1900 முதல் 1974 வரை 138 குழந்தைகள் நம் நாட்டு நோயைப் போலவே ஈரல் இறுகி இறந்திருந்தார்கள். அங்கேயும் ஈயம் பூசாத செம்புப் பாத்திரத்தில் பசும்பால் காய்ச்சுகிற வழக்கம். பாத்திரம் மாறியது, நோயும் மறைந்தது. இந்த விவரம் 1996-இல் வெளிவந்தது.

எவர்சில்வர் செய்த உபகாரம்

நம் நாட்டில் இந்த நோய் எப்படிப் போனது? நோய் கண்டவர்களுக்கு 'பெனிசிலமின்' என்ற, செம்பைப் பிடித்துச் சிறுநீரில் தள்ளும் மருந்தை ஆரம்பத்திலேயே கொடுத்துச் சிலரைக் காப்பாற்றினார்கள். புனே பக்கம் தாய்மார்களிடம் பாத்திரத்தை மாற்றச் சொல்லிப் பிரசாரமும் செய்தார்கள். ஆனால் பெரிய மாற்றம் நம்மைப் போன்ற பெண்களால் நடந்தது.

பழைய பட்டுப்புடவைச் சரிகைக்கும் பழைய பித்தளைக்கும் எவர்சில்வர் தருகிறேன் என்று கூடைக்காரி தெருவில் கூவினாள். நம் அம்மாக்கள் பேரம் பேசினார்கள். தேய்க்க லேசு, புளி போட்டுத் துலக்க வேண்டாம், ஈயம் பூச வேண்டாம் என்றுதான் எவர்சில்வரை வாங்கினார்கள். பிள்ளைகளின் ஈரலைக் காப்பாற்றுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது! 1990-களுக்குள் இந்த நோய் அநேகமாக மறைந்து, இன்றைய இளம் டாக்டர்கள் பலர் புத்தகத்தில் மட்டுமே படிக்கும் நோயாகிவிட்டது.

இப்போது "பாரம்பரியம்" என்ற பேரில் செம்பும் பித்தளையும் மறுபடி கடைக்கு வந்திருக்கின்றன. வரட்டும், அழகான பாத்திரங்கள்தான். எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்ற விவரமும் கூட வரவேண்டும் அல்லவா? செம்புப் பானையில் வைத்த தண்ணீரில் வயிற்றுப்போக்குக் கிருமிகள் சாவதைப் பெங்களூரில் ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டார்கள். அந்தத் தண்ணீரில் இறங்கிய செம்பு, உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரம்பில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. பெரியவர்கள் குடிக்கும் வெறும் தண்ணீருக்குச் செம்பு சரி. கைக்குழந்தையின் பாலுக்கு அது ஆகாது.

கவனிக்க வேண்டியவை

1. செம்பு, பித்தளை, வெண்கலம் எதிலும் குழந்தைக்குப் பால் காய்ச்சவோ, ஊற்றி வைக்கவோ வேண்டாம். வெண்கலத்திலும் பெரும்பங்கு செம்புதான். எவர்சில்வர் போதும்.

2. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். அப்புறம் இணை உணவோடு இரண்டு வயது வரை தாய்ப்பால். ஒரு வயதுக்குள் பசும்பாலை முக்கிய ஆகாரமாக்க வேண்டாம் என்கிறார் எங்கள் டாக்டரம்மா.

3. வேலைக்குப் போகும் தாய்மார்கள் பாலைப் பீய்ச்சிச் சுத்தமான எவர்சில்வர் கிண்ணத்தில் மூடி வைக்கலாம். வெளியே நாலு மணி நேரமும், ஃபிரிட்ஜில் ஒரு நாளும் தாங்கும்.

4. எலுமிச்சை, மோர், புளி, ஊறுகாய் ஆகியவற்றை ஈயம் பூசாத செம்பு, பித்தளையில் யாருக்குமே வைக்க வேண்டாம்.

5. ஈயம் பூசுவதானால் வெள்ளீயம்தானா என்று கேட்டுப் பூசுங்கள். காரீயம் கலந்தால் அது வேறொரு விஷம்.

6. குழந்தை காரணமின்றிச் சிணுங்கி, சாப்பிடாமல், வயிறு மட்டும் பெருத்தால் கை வைத்தியம் செய்து நாளைக் கடத்தாதீர்கள். பிறவியிலேயே செம்பை வெளியேற்ற முடியாத 'வில்சன் நோய்' என்று ஒன்றும் உண்டு. காலத்தோடு கண்டுபிடித்தால் அதற்கும் மருந்து இருக்கிறது.

அக்கா மகள் அன்று மாலை ஷிஃப்டு முடிந்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் பயந்தாள், அப்புறம் அழுதாள். "நான்தானே சித்தி வாங்கிட்டு வந்தேன்" என்றாள். என் அம்மா அவளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, "அழாதடி. தெரியாம செஞ்சது பாவமில்லே. எங்கம்மாவுக்கு இதைச் சொல்ல ஒரு ஆள் இல்லாமப் போச்சு" என்றார்.

இப்போது அவள் காலையில் பாலைப் பீய்ச்சி எவர்சில்வர் கிண்ணத்தில் வைத்துவிட்டுப் பஸ் ஏறுகிறாள். செம்புச் சொம்பில் நாங்கள் பெரியவர்கள் தண்ணீர் குடிக்கிறோம். பரணில் கிடந்த ஆயாவின் பித்தளைச் சொம்பை அம்மா புளி போட்டுத் துலக்கி, சாமி மாடத்தில் பூ வைக்க எடுத்துக்கொண்டார். வாரிசுகளை விழுங்கியவள் என்று ஆயாவை எங்கள் வீட்டில் இனி யாரும் சொல்லமாட்டார்கள். சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் அப்படி ஓர் ஆயாவைப் பற்றிப் பேச்சு வந்தால், தயவுசெய்து இந்த விவரத்தை எடுத்துச் சொல்லுங்கள்.